சீனர்களின் அன்றாட வழக்கங்கள்: திருச்சி, ஸ்ரீரங்கம் வாசகர்களுக்கு ஓர் அறிமுகம்

சீனப் பண்பாடு என்பது சீன நாட்டின் பெரும்பான்மையினரான ஹான் மக்களும், தென்கிழக்காசியாவில் குடியேறிய அவர்களது வம்சாவளியினரும் பின்பற்றும் உறவுமுறை, உணவு, நாட்காட்டி, சடங்கு, வழிபாடு ஆகியவற்றைக் குறிக்கும். சீன அரசு 56 இனங்களை அங்கீகரித்துள்ளது. மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டோர் ஹான் இனத்தவர்.

திருச்சி வட்டாரத்துக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானங்கள் செல்கின்றன. ஸ்ரீரங்கம், இலால்குடி, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர்கள் பலர் படிப்புக்கும் வேலைக்கும் அந்த விமானங்களில் ஏறுகிறார்கள். சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சீனர். ஆகவே இறங்கிய மறுநாளே மேற்பார்வையாளராகவோ, வீட்டுக்காரராகவோ, வகுப்புத் தோழராகவோ ஒரு சீனரைச் சந்திக்க வேண்டியிருக்கும். அவர்களது வழக்கங்களில் பல நம்முடையவற்றுக்கு மிக நெருக்கமானவை. சில நேர் எதிரானவை. நெருக்கமாக இருப்பதாலேயே எதிரானவை கண்ணில் படாமல் போய், மனத்தாங்கல் உண்டாகிறது. இக்கட்டுரை அந்த இடங்களைச் சுட்டுவதற்கே முதன்மை தருகிறது.

சிங்கப்பூர், மலேசியச் சீனர்களின் முன்னோர் பெரும்பாலும் ஃபூஜியன், குவாங்டோங் ஆகிய தென்சீன மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ், ஹக்கா, ஹைனான் என்று அவர்களுக்குள் பல மொழிக்குழுக்கள் உண்டு. சீனப் பெருநிலத்தில் 1966 முதல் 1976 வரை நடந்த பண்பாட்டுப் புரட்சியின்போது பழைய சடங்குகள் கடுமையாக ஒடுக்கப்பட்டன. வெளிநாடுகளில் குடியேறியவர்களிடம் அந்த முறிவு ஏற்படவில்லை. அதனால் பெய்ஜிங்கில் தேடினாலும் கிடைக்காத சில பழைய வழக்கங்களைப் பினாங்கின் தெருவொன்றில் எளிதாகப் பார்க்கலாம்.

பழைய தொடர்புகள்

தமிழருக்கும் சீனருக்கும் இடையிலான பழக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. முதலாம் இராசராசன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சோங் பேரரசின் அவையை அடைந்தது. இராசேந்திரன் காலத்தில் 1033இலும், குலோத்துங்கன் காலத்தில் 1077இலும் தூதுகள் சென்றன. ஃபூஜியனிலுள்ள சுவான்சௌ துறைமுக நகரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அது அங்கிருந்த சிவன் கோயிலைப் பற்றியது.

இவற்றுள் வழக்கங்களைப் பற்றிப் பேசும்போது நினைவுகூரத் தக்கது இலங்கையின் காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு. மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹே நிறுவிய அக்கல்லில் 1409ஆம் ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது. சீன மொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையின் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கை செலுத்துகிறது. ஒரே காணிக்கைப் பட்டியல், மூன்று தெய்வங்கள். வந்த இடத்தில் யாருக்கு எதைச் சொன்னால் மதிப்பு என்பது அந்த மாலுமிகளுக்குத் தெரிந்திருந்தது.

நம் பேச்சிலும் சீனம் ஒட்டியிருக்கிறது. சீனி, சீனிவெடி, சீனச்சட்டி, சீனாக்காரம் என்ற சொற்களை நாம் யோசிக்காமலே பயன்படுத்துகிறோம்.

உறவுமுறையும் பெயரும்

சீன உறவுமுறையைக் கற்பதில் தமிழ் மாணவருக்குப் பெரிய அனுகூலம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் எல்லாரும் 'அங்கிள்', எல்லாரும் 'ஆன்ட்டி'. சீனத்தில் அப்படி முடியாது. அப்பாவின் அண்ணன் 'பொபொ', அப்பாவின் தம்பி 'ஷூஷூ'. அதாவது பெரியப்பா, சித்தப்பா. அப்பாவின் சகோதரி 'கூகூ', நம் அத்தை. அம்மாவின் சகோதரர் 'ஜியூஜியூ', நம் தாய்மாமன். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நால்வருக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதைக் குறைவு என்பதும் இரு பக்கமும் பொது. சிங்கப்பூரில் உணவுக்கடைக்காரரையும் வாடகைக்கார் ஓட்டுநரையும் வயதைப் பார்த்து உறவுப்பெயரால் அழைப்பதைக் கேட்கலாம். காந்தி மார்க்கெட்டில் முன்பின் தெரியாதவரை 'அண்ணே' என்று கூப்பிட்டுப் பழகியவருக்கு இதில் வியப்பு இருக்காது.

வேறுபாடு மாமன், அத்தை பிள்ளைகளிடம் தொடங்குகிறது. தமிழில் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் பெரியம்மா, சித்தி பிள்ளைகளும் அண்ணன் தம்பி முறை. மாமன், அத்தை பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் முறை. சீனர் வேறு கோட்டைக் கிழிக்கிறார்கள். அப்பாவின் சகோதரர் பிள்ளைகள் மட்டும் 'தாங்' வகை, அதாவது ஒரே குடும்பப் பெயருடைய உள்வீட்டார். அத்தை, மாமன், சித்தி பிள்ளைகள் அனைவரும் 'பியாவ்' வகை, வெளிவீட்டார். ஒரே குடும்பப் பெயருடையவர்கள் மணந்துகொள்ளக் கூடாது என்பது பழைய சீன விதி. ஒரே கோத்திரத்தில் பெண் எடுக்காத ஸ்ரீரங்கத்துக் குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெளிவீட்டுப் பிள்ளைகளை மணப்பது முற்காலத்தில் நடந்ததுதான். சீனாவின் 1980ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் அதையும் தடைசெய்தது. மாமன் மகளை மணந்த செய்தியைச் சீன நண்பரிடம் சொன்னால் அவர் சற்றுத் திகைப்பதற்கு இதுவே காரணம்.

இந்தச் சொற்செல்வம் சீனாவிலேயே சுருங்கி வருகிறது. 1980 வாக்கில் தொடங்கி 2015 வரை நடைமுறையில் இருந்த ஒரு குழந்தைக் கொள்கையின் கீழ் பிறந்த இருவர் மணந்துகொண்டால், அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்குச் சித்தப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை, மாமனும் இல்லை. சொல் இருக்கிறது, அழைக்க ஆள் இல்லை.

சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூவின் குடும்பப் பெயர் லீ. ஆகவே அவர் 'திரு லீ'. 'திரு இயூ' என்பது பிழை. நம்மவர் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவதை நினைத்துக்கொண்டால் வரிசை மறக்காது. சீனப் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பொதுவாகத் தங்கள் குடும்பப் பெயரை மாற்றுவதில்லை.

சாப்பாடு

'சாப்பிட்டாச்சா?' என்று நலம் விசாரிப்பது நமக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் உண்டு. சீனரும் 'ச்சி லெ மா?' என்றுதான் கேட்பார்கள், பொருள் அதேதான். நம்மிடம் போலவே அங்கும் அது விருந்துக்கு அழைப்பு ஆகாது. 'ஆயிற்று' என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

பந்தியில் உட்கார்ந்ததும் ஒற்றுமை முடிந்துவிடுகிறது. தமிழ் வீட்டில் இலை ஒவ்வொருவருக்கும் தனி. பரிமாறுகிறவர் வேறு, சாப்பிடுகிறவர் வேறு. ஒருவர் கை பட்டது எச்சில். ஸ்ரீரங்கத்தில் பத்து, எச்சில் பார்க்கும் வீடுகளில் வளர்ந்தவருக்கு இது எலும்பில் ஊறிய விஷயம். சீன மேசையிலோ உணவுத் தட்டுகள் நடுவில் இருக்கும். எல்லாரும் அவரவர் உணவுக்குச்சியால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். வீட்டுப் பெரியவர் தம் குச்சியால் நல்ல துண்டு ஒன்றைத் தேடி எடுத்து விருந்தாளியின் கிண்ணத்தில் வைப்பது அன்பின் உச்சம். நம்மவர் முகம் சுளிக்கும் கணமும் அதுவே. அவர் கொடுப்பது அன்பு, இவர் பார்ப்பது எச்சில். இருவர் மீதும் தவறு இல்லை. இப்போது பல விருந்துகளில் பரிமாறுவதற்கென்று பொதுக்குச்சி வைக்கிறார்கள். இல்லாவிட்டால் கேட்டு வாங்குவதில் பிழை ஒன்றும் இல்லை. மாறாக, நாம் கையால் பிசைந்து சாப்பிடுவது அவர்களில் சிலருக்குக் கூச்சமாக இருக்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

உணவுக்குச்சியில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான். சோற்றுக் கிண்ணத்தில் அதை நெட்டுக்குத்தலாகச் செருகி வைக்கக் கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில் ஊதுபத்தி நிற்பதுபோல் அது தோன்றும். இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்பதில் நாம் காட்டும் கவனத்துக்கு இது ஈடு.

இடக்கை விஷயத்தில் நாம்தான் பொறுமை காட்ட வேண்டும். இடக்கையால் பணமோ பொருளோ நீட்டுவது நமக்கு அவமதிப்பு. சீனரிடம் அந்த எண்ணமே கிடையாது. கடைக்காரர் இடக்கையால் சில்லறை தந்தால் அவர் நம்மை இகழவில்லை. அவர்கள் மரியாதை காட்டும் முறை இரு கைகளாலும் கொடுப்பது, இரு கைகளாலும் வாங்குவது.

சூடு, குளிர்ச்சி என்று உணவைப் பிரிப்பது இரு பண்பாட்டிலும் உண்டு. அவர்களுக்கு டுரியான் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சி. நமக்கு மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி. பிள்ளை பெற்றவளுக்குச் சீன வீடுகளில் ஒரு மாத ஓய்வும் பத்தியமும் உண்டு. குளிர்ந்த நீர் ஆகாது, காற்று படக் கூடாது, இஞ்சியும் நல்லெண்ணெயும் நிறையச் சேர்க்க வேண்டும் என்பார்கள். நம் பாட்டிமார் இதைக் கேட்டால் தலையாட்டுவார்கள். மாதம் நிறைந்ததும் சிவப்புச் சாயம் பூசிய முட்டைகளை உறவினருக்குக் கொடுத்துக் குழந்தை பிறந்ததைக் கொண்டாடுவார்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. வழக்கமான சீனச் சமையலில் காய்கறி வதக்கலில்கூடப் பன்றிக்கொழுப்போ சிப்பிச் சாறோ சேர்வது உண்டு. 'காய்கறிதானே' என்று நம்பி வாங்கக் கூடாது. ஆனால் சீன பௌத்தர்கள் நடத்தும் சைவக் கடைகள் தனியே இருக்கின்றன. மரபான பௌத்த சைவச் சமையலில் வெங்காயம், பூண்டு வகைகளும் கிடையா. வெங்காயம் பூண்டு சேர்க்காத ஸ்ரீரங்கத்து வைணவ வீட்டுப் பிள்ளைக்கு, சொந்த ஊர் ஓட்டல் பலவற்றைவிட இந்தக் கடை பொருத்தமாக அமையலாம். சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, சைவம் மட்டும் உண்ணும் சீனர் பலர். அன்று அங்கே கூட்டம் மிகும். ஒன்றே ஒன்று: கண்ணாடிப் பெட்டிக்குள் வாத்தும் மீனும் போலத் தெரிபவை சோயாவாலும் கோதுமைப் பசையாலும் செய்தவை. பார்த்ததும் திரும்பி ஓட வேண்டாம். முட்டை சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்வது நல்லது.

அறுபது ஆண்டும் பண்டிகைகளும்

பிரபவ முதல் அட்சய வரையிலான நம் அறுபது ஆண்டுச் சுழற்சியைப் போலச் சீனருக்கும் அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு. அவர்களது இப்போதைய சுழற்சி 1984இல் தொடங்கியது, நம்முடையது 1987இல். எலி முதல் பன்றி வரையிலான பன்னிரண்டு விலங்குகளும் ஐந்து மூலகங்களும் சேர்ந்து அந்த அறுபதை உண்டாக்குகின்றன. ஒரு சுற்று முடித்த அறுபதாம் பிறந்தநாள் அவர்களுக்கும் பெரிய விழா. நம்மைப் போல மறுபடி தாலி கட்டுவதில்லை, அவ்வளவுதான். நல்ல நாள் பார்க்க அவர்களிடமும் பஞ்சாங்கம் இருக்கிறது. எந்த நாளில் வீடு மாறலாம், எந்த நாளில் முடி வெட்டலாகாது என்பது வரை அதில் குறித்திருக்கும்.

சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும் அமாவாசையில் பிறக்கிறது. சந்திர மாதக் கணக்கு என்பதால் 19 ஆண்டுகளில் 7 முறை ஓர் அதிக மாதம் சேர்த்துச் சூரியனோடு சரிசெய்கிறார்கள். பண்டிகைக்கு முன் வீட்டைத் துடைத்துப் பழையதைக் கழிப்பார்கள். நம் போகியைப் போல. ஆனால் புத்தாண்டு நாளில் துடைப்பத்தைத் தொட மாட்டார்கள். வந்த அதிர்ஷ்டத்தைப் பெருக்கித் தள்ளுவதாகிவிடும். முந்தின இரவு எங்கிருந்தாலும் குடும்பம் கூடி உண்ண வேண்டும்.

புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்பு நடக்கும் அடுக்களைத் தெய்வத்தின் வழியனுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்டு முழுவதும் அடுப்படியிலிருந்து குடும்பத்தின் நல்லது கெட்டதைப் பார்த்த அத்தெய்வம், விண்ணுலகப் பேரரசரிடம் கணக்குச் சொல்லப் புறப்படுகிறது. போகுமுன் அதன் உதட்டில் ஒட்டும் இனிப்பைத் தடவி விடுவார்கள். இனிப்பாகப் பேசட்டும் என்பது ஒரு விளக்கம். வாயே திறக்க முடியாமல் போகட்டும் என்பது இன்னொன்று.

மற்ற பண்டிகைகளில் நமக்கு நாக்கில் தட்டுப்படும் ஒற்றுமைகள் இருக்கின்றன. ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் இலையில் பொதிந்து வேகவைத்த அரிசிக் கட்டிகள். டிசம்பர் 22 வாக்கில் வரும் குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளில் இனிப்புப் பாகில் மிதக்கும் அரிசிமா உருண்டைகள். பிந்தையதைப் பார்த்தால் பால்கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட தங்கை என்றே தோன்றும்.

மொய்யும் எண்ணும்

தமிழ்நாட்டுத் திருமணத்தில் 100 ரூபாய் மொய் வைக்க மாட்டோம், 101 வைப்போம். 501, 1001 என்று அந்த ஒற்றை ரூபாயில்தான் மங்கலம் இருக்கிறது. சீனர் கணக்கு தலைகீழ். நல்லது இரட்டையாக வர வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே திருமணத்துக்கும் புத்தாண்டுக்கும் இரட்டைப்படைத் தொகையைச் சிவப்பு உறையில் வைப்பார்கள். சிங்கப்பூர்த் தமிழர் பேச்சிலும் இடம்பெற்றுவிட்ட 'அங் பாவ்' இதுதான். ஒற்றைப்படைத் தொகை, வெள்ளை உறை இரண்டும் இறப்பு வீட்டுக்கு உரியவை. துக்கம் இரட்டிக்கக் கூடாது என்பது அதன் உட்பொருள். நல்ல மனத்தோடு 101 வெள்ளியை வெள்ளை உறையில் போட்டுத் திருமணத்தில் கொடுத்தால், மணமக்களுக்கு இரங்கல் தெரிவித்ததாக ஆகிவிடும்.

எண்களிலும் அப்படித்தான். 'நான்கு' என்ற சீனச் சொல்லும் 'சாவு' என்ற சொல்லும் ஒலியில் நெருங்கியவை. அதனால் சில கட்டடங்களில் நான்காம் தளம் என்று எழுதவே மாட்டார்கள். எட்டு என்பதோ செல்வம் பெருகுவதைக் குறிக்கும் சொல்லோடு ஒலிக்கிறது. பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழா 2008ஆம் ஆண்டு எட்டாம் மாதம் எட்டாம் நாள் இரவு 8 மணிக்குத் தொடங்கியது. வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டாக வந்தால் சனியை நினைத்து முகம் வாடுகிற நம்மவர், அந்த எண்ணைச் சீன நண்பரிடம் தள்ளிவிடலாம், மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்.

ஒலியொப்புமையே பரிசுகளிலும் சிக்கலாகிறது. சுவர்க் கடிகாரம் கொடுப்பது, சாகிறவரை வழியனுப்புவது என்ற தொடர்போல ஒலிக்கும். குடை, பிரிவைக் குறிக்கும் சொல்லோடு ஒலிக்கும். புத்தாண்டில் ஒரு வீட்டுக்குப் போகும்போது இரண்டு ஆரஞ்சுப் பழங்களை இரு கைகளாலும் கொடுத்தால் போதும். திரும்பும்போது அவர்களும் இரண்டு தருவார்கள். அன்று வெள்ளை வேட்டி சட்டை வேண்டாம். அங் பாவ் கொடுப்பது மணமானவர்களின் கடமை. வாங்குவது மணமாகாதவர்களின் உரிமை. வயது இதில் இரண்டாம்பட்சம். முப்பத்தைந்து வயதிலும் மணமாகாதவருக்கு உறை கிடைக்கும், கூடவே 'எப்போது கல்யாணம்?' என்ற கேள்வியும் கிடைக்கும்.

நீத்தார்

ஆடி அமாவாசையிலும் புரட்டாசி மகாளய அமாவாசையிலும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவருக்குச் சீனரின் முன்னோர் வழிபாடு எளிதில் புரியும். தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறைக்கு இங்கே எள்ளும் நீரும் இறைக்கிறார்கள். சீனக் குடும்பங்கள் வம்சாவளி ஏடு எழுதி வைத்து, வீட்டு மாடத்தில் முன்னோர் பெயர்ப்பலகைக்கு ஊதுபத்தி ஏற்றுகின்றன. ஏப்ரல் 4 அல்லது 5 வாக்கில் வரும் சிங்மிங் நாளில் கல்லறையைத் துப்புரவு செய்து, உணவு படைத்து, காகிதப் பணமும் காகித வீடும் எரிப்பார்கள். மறுவுலகில் அவை முன்னோருக்குச் சேரும் என்பது நம்பிக்கை. சீன அரசு 2008 முதல் இந்நாளைப் பொது விடுமுறை ஆக்கியது.

ஏழாம் சீன மாதம், அதாவது ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில், மறுவுலகின் கதவு திறந்து ஆவிகள் உலவும் என்பார்கள். அம்மாதத்தில் திருமணம் வைக்க மாட்டார்கள், வீடு மாற மாட்டார்கள். ஆடியில் நாம் செய்யாதவற்றின் பட்டியலும் இதுதான். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளின் அருகே சாலையோரத்தில் படையல் வைத்திருப்பார்கள்; அதை மிதிக்காமல் நடக்க வேண்டும். இரவில் திறந்தவெளி மேடையில் பாட்டுக் கச்சேரி நடக்கும். முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருப்பதைப் பார்த்துப் புதிதாக வந்தவர் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. அந்த வரிசை ஆவிகளுக்காக ஒதுக்கப்பட்டது.

இறப்பு வீட்டுக்குப் போக நேர்ந்தால் சிவப்பு உடுத்தக் கூடாது. வெள்ளை, கறுப்பு, மங்கலான நிறங்கள் பொருந்தும். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மூன்று, ஐந்து, ஏழு என்ற ஒற்றைப்படை நாட்களுக்கு உடலை வைத்திருப்பார்கள். அதே நாளில் எடுத்துவிட வேண்டும் என்று பழகிய நமக்கு இது நீளமாகத் தோன்றும். வந்தவர்களுக்குச் சிறு சிவப்பு நூல் தருவார்கள். அதை விரலில் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குள் நுழையுமுன் வெளியில் போட்டுவிட வேண்டும். சாவு வீட்டிலிருந்து வந்து குளித்த பிறகே உள்ளே போகும் நம் வழக்கத்தின் வேலையை அந்த நூல் செய்கிறது.

கோயில்கள்

சீனரில் தாவோ, பௌத்தம், கன்ஃபூசியஸ் நெறி மூன்றையும் கலந்தே பின்பற்றுவோர் பலர். 'நீங்கள் எந்த மதம்?' என்ற கேள்விக்குச் சிலர் தயங்குவது அதனால்தான். தெய்வங்களை ஏற்பதிலும் அவர்களிடம் கெடுபிடி குறைவு. பினாங்கின் தைப்பூச ஊர்வலத்தில் தேருக்கு முன்னால் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பவர்களில் சீனர் ஏராளம். சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் குவான் இன் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. கருணைத் தெய்வமான குவான் இன்னை வணங்கிய சீனர்கள் அப்படியே நடந்து வந்து கண்ணனின் வாசலிலும் நின்று கும்பிடுவார்கள். அவர்கள் ஊதுபத்தி ஏற்றுவதற்காகக் கிருஷ்ணன் கோயிலின் முன்புறத்திலும் பெரிய ஊதுபத்திக் கலயம் வைத்திருக்கிறார்கள்.